வெல்வெட் போர்த்திய கட்டில்

அத்தியாயம் 9

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடி வீட்டுக்குக் கட்டில் வந்து ஆறு நாள் ஆகிறது. வந்த நாளிலிருந்து அங்கே யாரும் நிம்மதியாக மூச்சு விடவில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மூச்சு விட முடியவில்லை. தின்னர் நாற்றம், மரத்தில் ஓட்டை அடைக்கும் பட்டி நாற்றம், பசை நாற்றம், தங்கக் கலர் ஸ்ப்ரே நாற்றம். இத்தனைக்கும் அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. அதற்கு மட்டும் யாரும் பெயர் சொல்லவில்லை.

குமணன்சாவடியில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, அங்கேயே ரோட்டோரமாக இருந்த பழைய சாமான் கடையில் தாட்சாயிணி அடித்துப் பேசி வாங்கிய கட்டில் அது. மகள் பவித்ராவின் கல்யாணச் சீர். முகூர்த்தத்துக்கு இன்னும் பதினோரு நாள். மாப்பிள்ளை கௌதமின் அம்மா சுலோசனா, "எப்படியும் கட்டில் போடுவீங்க. தலைமாட்டுல வெல்வெட் குஷன் வெச்சதா இருந்தா ரூமுக்கு எடுப்பா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டே கேட்கிற சம்பந்தியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கட்டிலின் விலையைக் கடையில் கேட்டதும் தாட்சாயிணிக்குத் தலை சுற்றிவிட்டது. கணவர் உலகநாதன் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி மூடி ஒரு வருஷமாகிறது. கைக்கு வந்ததெல்லாம் நகையாகவும் மண்டபமாகவும் போயாயிற்று. அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு பெண்மணி வந்து சேர்ந்தாள். குறைந்த செலவில் வீட்டை மாளிகையாக்கிக் காட்டுகிறவள். தினம் ஒரு வீடியோ. அவள் வீட்டில் எந்தப் பொருளும் அந்தப் பொருளாக இருக்காது. பிளாஸ்டிக் பூந்தொட்டி பித்தளையாகிவிடும், ப்ளைவுட் மேஜை மார்பிளாகிவிடும். தாட்சாயிணி மாவு அரைக்கும்போதுகூடக் கிரைண்டர் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

அதன் பலனை இப்போது ஹாலில் பார்க்கலாம். பவித்ரா பத்தாம் வகுப்பிலிருந்து தலை சீவிய பழைய டிரெஸ்ஸிங் டேபிள் மேல் மார்பிள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் உலகநாதன். அதனால் நடுவில் அம்மை போட்டது மாதிரி காற்றுக் கொப்புளங்கள். பீரோவின் கைப்பிடி தங்கம். ஸ்டூலின் கால் தங்கம். ஸ்ப்ரே டப்பாவில் மிச்சம் இருந்ததை வீணாக்கக் கூடாதென்று சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகைக்கும் அடித்திருந்தாள். அதில் ஒரு கரப்பான் பூச்சி ஒட்டிக்கொண்டு, அதுவும் தங்கமாகச் செத்துக் கிடந்தது.

யாரும் அதை எடுத்துப் போடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குச் சுலோசனா சீர் சாமான்களைப் பார்க்க வருகிறாள். தங்கள் வீட்டு அறையின் அளவை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பவித்ரா ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். ஞாயிறு காலை ஷிஃப்ட் முடித்து, மழையில் பாதி நனைந்து, பத்தரை மணிக்குப் படி ஏறினாள். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

மழை ஈரத்தில் அந்தப் பெயரில்லாத நாற்றம் எழுந்து உட்கார்ந்திருந்தது. நாள் முழுக்க மூத்திர டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டுகிறவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் புதிது இல்லை, ஊறிப்போன பழசு.

"யம்மா, இந்தக் கட்டில்லேருந்துதான் வருது. மூத்திர வாடை."

"உனுக்கு எங்க போனாலும் அந்த வாடதான்," என்றாள் தாட்சாயிணி. "லேபுலேருந்து மூக்குலயே எடுத்துகினு வந்துட்ட. போய்க் குளி."

தரையில் உட்கார்ந்து தலைமாட்டுக்குக் கடைசிப் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்த குஷன்காரர் முகமது ஆசிக், வாயில் கடித்திருந்த நீள ஊசியை எடுத்தார். ஆவடி மார்க்கெட் பக்கம் கடை. நாலு நாளாக இங்கே வேலை. கருநீல வெல்வெட்டில் சதுரம் சதுரமாகக் குழி விழுந்து, குழிக்கு ஒரு பட்டனாகத் தலைமாடு பளபளத்தது. வேலையில் குறை சொல்ல முடியாது.

"பாப்பா சொல்றது நெசம்தான்க்கா," என்றார். "மொத நாளே சொன்னேன். பழைய ரெக்சின கிழிச்சா உள்ள ப்ளைவுட்டு கருத்துப்போயி கீது. எண்ண ஊறிப்போன தல எடம் வட்டமா தெரியுது. அத்த மாத்திட்டு துணி போடலாம்னேன். நீங்கதான் அது மேலயே அடின்னீங்க."

"வேலய பாரு பாய்."

"வேலதான்க்கா பாக்கறேன். ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கோ. இது சீக்காளி படுத்த கட்டிலு." ஊசியால் சுட்டினார். "தல பக்கத்துக் காலு ரெண்டு மட்டும் நாலு விரக்கடை ஒசரம். அடியில கட்ட வெச்சு ஸ்க்ரூ போட்டு கீது. மூச்சு வாங்கற பேஷண்ட்டுக்கு அப்டிதான் ஒசத்துவாங்கோ. சைடு பலகைல ரெண்டு ஓட்ட. பை மாட்டற கொக்கி இருந்த எடம். எங்கள்ல இத்தெல்லாம் பெருசா பாக்க மாட்டோம். உங்கள்ல பாப்பீங்கோ, அதான் சொன்னேன்."

"இன்னா பை?" என்று கேட்டார் உலகநாதன், ஜன்னலோரமாக டீ டம்ளரோடு.

"மூத்திரப் பைண்ணா."

உலகநாதன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பவித்ராவுக்கு முதலில் அருவருப்பு வந்தது அந்த உறிஞ்சலைக் கேட்டுத்தான். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"நைனா, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவர் டம்ளருக்குள் பார்த்தார். "கடக்காரன் சொன்னான்மா. யாரோ வயசானவராம். ஃப்ளாட்டுல ரெண்டு வருஷம் படுக்கையா கெடந்தாராம். போய்ச் சேந்துட்டாரு. அதுனாலதான் சல்லிசா குடுத்தான்."

"இதுலயே செத்தாரா?"

"எங்கயாச்சும் சாவணும் இல்ல?" என்றாள் தாட்சாயிணி. "ஆஸ்பத்திரி கட்டில்ல எவனும் சாவலயா? அதுல நீ படுக்க மாட்டியா? உன் மாமியாக்காரி வெல்வெட்டு வெச்சது வோணும்னு கேட்டா. குடுக்க மாட்டேன்னு சொல்ல என்னால ஆவல. வாங்கவும் என்னால ஆவல. நா இன்னாதான் பண்ணட்டும், சொல்லு? ஆறு நாளா உக்காந்து தேச்சு, பூசி, இந்தக் கையப் பாரு!"

நீட்டிய கையில் விரல் இடுக்குகளெல்லாம் தங்கப் பூச்சு. தின்னர் பட்ட இடத்தில் தோல் உரிந்திருந்தது. இன்னொரு நாளாக இருந்திருந்தால் பவித்ரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இன்று பார்க்கவே பிடிக்கவில்லை.

மூத்திரம் அவளுக்கு அருவருப்பில்லை. கையுறை போட்டுக்கொண்டால் அது வேலை. யாரோ ஒரு பெரியவர் முடியாமல் கிடந்ததிலும் அருவருப்பு என்ன இருக்கிறது? அவர் கிடந்த இடத்தைக் கழுவக்கூட இல்லாமல், மேலே வெல்வெட்டை இழுத்து ஆணி அடித்து, இதில் போய்ப் படு என்று தன்னைப் பெற்றவளே சொல்கிறாளே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"கழுவியாவது இருக்கலாமேம்மா," என்றாள்.

"தண்ணி பட்டா ப்ளைவுட்டு உப்பிக்கும்னு அந்த வீடியோ பொம்பள சொன்னா."

ஆசிக் எழுந்து கட்டிலைச் சாய்த்தார். தலைப்பக்கத்துக் கால்களின் அடியில் இருந்த கட்டைகளைக் கழற்றி மூலையில் போட்டார். கால்களுக்குத் தங்கக் கலர் குமிழ் மாட்டினார். பையைக் கட்டினார். வாசலில் செருப்பு மாட்டும்போது உலகநாதனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணாத்தே, இது யார் வேலன்னு கேட்டா எம் பேரச் சொல்லிடாதீங்கோ."

*

மூலையில் கிடந்த கட்டைகளைக் குப்பையில் போடத்தான் பவித்ரா எடுத்தாள்.

இரண்டையும் கறுப்பு டேப் சுற்றி மூடியிருந்தது. ஒன்றில் ஸ்க்ரூ பிடுங்கிய வேகத்தில் டேப் கிழிந்து தொங்கியது. உள்ளே வெளுத்த மரம். ஒரு பக்கம் வளைவாக, வழவழப்பாக. டேப்பை முழுதாக உரித்தாள். கிரிக்கெட் மட்டையை அறுத்த துண்டு. நீல மார்க்கரில் எழுதிய பெயரும் ஜெர்சி நம்பரும் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

கௌதம், 17.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் போனில் கௌதம் சொன்னது அவளுக்கு வரி விடாமல் நினைவிருந்தது. "தாத்தாவுக்குத் தலைப்பக்கம் உயரமா இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல கட்டை கிடைக்கல. என் காலேஜ் பேட்டை அறுத்து வெச்சேன். ரெண்டு வருஷம் அவர் என் பேட்டு மேலதான் படுத்திருந்தாரு." சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். பிறகு சொன்னான்: "அவர் போனதும் அந்தக் கட்டில திருநின்றவூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் குடுத்துடும்மான்னேன். அம்மா குடுத்துட்டாங்க. யாரோ முடியாதவங்க படுத்திருப்பாங்க இல்ல, பவி? அதை நினைச்சா நல்லாருக்கு."

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பவித்ராவுக்குக் கௌதமை நிஜமாகவே பிடித்துப்போனது.

அவள் கட்டிலைப் பார்த்தாள். கட்டில் தங்கக் காலில் நின்றுகொண்டிருந்தது. ஆக, சுலோசனா அதை எந்த இல்லத்துக்கும் கொடுக்கவில்லை. வீட்டுப் பக்கத்திலேயே பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டிருக்கிறாள். தள்ளிவிட்டுப் பெண் வீட்டில் புதுக் கட்டில் கேட்டிருக்கிறாள். அவள் விற்றதையே அம்மா வாங்கி, அவளுக்கே புதிதென்று கொடுக்கப் போகிறாள். முன்பு கௌதம் தாத்தாவைத் துடைத்துவிட்ட கட்டிலில் முதலிரவு.

"ச்சீ!" என்று வாய்விட்டே சொன்னாள்.

"இன்னாடீ?" என்று அடுக்களையிலிருந்து தாட்சாயிணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

மணி பதினொன்று. அடுத்த நிமிஷமே போன் அடித்தது. கௌதம்தான்.

"ரிசப்ஷனுக்குச் சந்தனக் கலர் ஷர்ட் ஓகேவா, பவி?"

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தாள். பத்திரிகை எல்லாருக்கும் போயாயிற்று. சம்பந்திகள் கட்டிப் புரண்டால் கல்யாணம் என்ன ஆகும்? அப்பாவுக்கு வேலை இல்லாத வீடு. நின்றுபோன கல்யாணம் என்ற பெயரோடு இந்த மாடியில் அம்மாவின் புலம்பலைக் கேட்டுக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம்? கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பூச்சி அரிக்கிறது என்று சொல்லிக் கட்டிலை மாற்றிவிட்டால் போகிறது. யாருக்குத் தெரியப் போகிறது?

"ஓகேதான். சந்தனம் நல்லாருக்கும்," என்றாள்.

கட்டையைத் துப்பட்டாவில் சுற்றித் தன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டான். வத்தக்குழம்பு என்றாள். மூணே காலுக்கு, "கிளம்பிட்டோம். அம்மாவை உங்க வாசல்ல விட்டுட்டு, பட்டாபிராம்ல ஒரு ஃப்ரெண்டுக்குப் பத்திரிகை வெச்சுட்டு வந்துடறேன்" என்றான். "பாத்து வாங்க, மழை" என்றாள். எவ்வளவு சுலபமாக வருகிறது! அம்மாவின் மகள்தானே என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

*

நாலு மணிக்குள் தாட்சாயிணி ரூம் ஸ்ப்ரே ஒரு டப்பாவைக் காலி செய்து, நாலு மூலையிலும் ஊதுவத்தி ஏற்றி, தலைமாட்டில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தாள். எல்லாம் சேர்ந்து, பந்தி முடிந்த மண்டபத்தில் கழிப்பறைக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

சுலோசனா கைப்பையில் அளவு நாடாவோடு வந்தாள். டிரெஸ்ஸிங் டேபிளைப் பார்த்து, "மார்பிளா? பரவாயில்லையே" என்று சொல்லிக்கொண்டே ஒரு கொப்புளத்தை நகத்தால் அழுத்தினாள். அது டப்பென்று அடங்கிப் பக்கத்தில் இன்னொன்றாகக் கிளம்பியது. தாட்சாயிணி அவசரமாக அவளைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

"வெல்வெட்டு பாருங்க சம்பந்தி. நீங்க சொன்னாப்புலயே."

"அடேயப்பா!" என்றாள் சுலோசனா. நிஜமாகவே அசந்துவிட்டாள். தலைமாட்டைத் தடவினாள். நாடாவை நீட்டி நீளம் பார்த்தாள். அகலம் பார்க்கக் கால்மாட்டுப் பக்கம் வந்து குனிந்தாள்.

கால்மாட்டுப் பலகையில் இரண்டு அன்னப் பறவைகள் செதுக்கியிருந்தன. ஒன்றின் அலகு எப்போதோ உடைந்திருந்தது. அதைத் தாட்சாயிணி தன் கையாலேயே பட்டி வைத்துச் சரிசெய்திருந்தாள். அது கிளி மூக்காக வந்திருந்தது. சுலோசனாவின் நாடா அங்கேயே நின்றது. கட்டை விரலால் அந்த மூக்கைத் தேய்த்தாள். தங்கம் பெயர்ந்து பட்டி உதிர்ந்தது. உள்ளே பழைய உடைசல் தெரிந்தது.

பவித்ரா தன் அறை வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோவது என்பார்களே, அதை லேபில் மயங்கி விழுகிறவர்களிடம் பார்த்திருக்கிறாள். இப்போது மாமியாரிடம் பார்த்தாள்.

"இது... எங்க வாங்கினீங்க?"

"வாங்கலீங்க, செஞ்சது!" என்றாள் தாட்சாயிணி. "எங்க சொந்தத்துல ஒரு ஆசாரி. பர்மா தேக்கு. கூடவே உக்காந்து இழைக்கச் சொன்னேன். என்னாங்க, சொல்லுங்களேன்."

"ஆமா," என்றார் உலகநாதன். "பர்மா."

சுலோசனா நாடாவைச் சுருட்டினாள். "எங்க ரூம் சின்னது சம்பந்தி. கட்டில் வேண்டாமே. நாங்களே சின்னதா ஒண்ணு பாத்துக்கறோம்."

"அது எப்பிடி? நீங்கதான வாய்விட்டு கேட்டீங்க? கட்டில் இல்லாம பொண்ண அனுப்பிட்டான்னு நாளைக்கு உங்க சனம் சிரிக்கவா?"

"கலரும் கொஞ்சம்..."

"கலருக்கு இன்னா? நீலம்னு நீங்கதான் போட்டோ அனுப்புனீங்க!"

ஒரு பெண் புளுகுகிறாள். இன்னொரு பெண்ணுக்கு அது புளுகு என்று தெரியும், சொல்ல முடியாது. சொன்னால் தன் புளுகு வெளியே வரும். பார்க்கச் சிரிப்பு வர வேண்டிய காட்சிதான். பவித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறவள் அவள்தானே.

கீழே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சுலோசனா சட்டென்று நிமிர்ந்தாள். அந்த ஒரு நொடியில் அவள் என்ன முடிவு செய்தாள் என்பது அடுத்து அவள் சொன்னதிலேயே தெரிந்தது.

"இல்ல சம்பந்தி, நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லாருக்கு. ஒரு பெட்ஷீட் குடுங்க, மூடிடலாம். புது வெல்வெட், தூசி அடையும். கௌதம் இப்போ பாக்க வேண்டாம், அவனுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்."

தாட்சாயிணிக்கு வாயெல்லாம் பல். ஓடிப்போய்ப் பெட்ஷீட் எடுத்து வந்தாள். ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிக்க, இருவரும் கட்டிலைத் தலையிலிருந்து கால்வரை மூடி, ஓரங்களைப் பதமாகச் செருகினார்கள். அன்னப் பறவைகளை மூடும்போது சுலோசனா இரண்டு மடிப்பாகப் போட்டாள்.

பெற்ற மகனை இதில் படுக்க வைக்க இவளுக்குச் சம்மதம். பொய் மட்டும் வெளியே வரக் கூடாது. பவித்ரா திரும்பி அலமாரிக்குப் போனாள்.

*

"தண்ணி குடுங்க அத்தை," என்று கேட்டபடி கௌதம் உள்ளே வந்தபோது, மூடிய பெட்ஷீட்டின் நடுவில் அந்தக் கட்டை இருந்தது. நீல எழுத்து மேலே தெரிய வைத்திருந்தாள் பவித்ரா.

"இன்னாடீ இது குப்பய கொண்டாந்து..." என்று தாட்சாயிணி எடுக்கப் போனாள். கௌதம் முந்திக்கொண்டான்.

அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். ஸ்க்ரூ ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தான். பிறகு பெட்ஷீட்டை ஒரே இழுப்பில் இழுத்தான். வெல்வெட்டையும் தங்கத்தையும் அவன் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராகக் குனிந்து பக்கப் பலகையைத் தடவிக்கொண்டே போனான். பட்டி வைத்து மூடிய இரண்டு ஓட்டைகளில் கை நின்றது.

"ஹோமுக்குக் குடுத்துட்டேன்னு சொன்னியேம்மா."

"குடுக்கத்தான் போனேன்டா. அவங்க..."

"ஒரு பெரியவர் உடனே ஏறிப் படுத்துக்கிட்டாரு, உன் பிள்ளை நல்லா இருக்கட்டும்னு கையெடுத்துக் கும்பிட்டாருன்னு சொன்னியே. நான் அதைக் கேட்டு அழுதேன்ம்மா. அந்தப் பெரியவர் யாரு?"

தாட்சாயிணிக்கு இப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் வெடித்தாள்.

"அப்ப இது உங்க ஊட்டுக் கட்டிலா? கெழவர் செத்த கட்டில கடையில தள்ளிட்டு, எங்கிட்ட வந்து வெல்வெட்டு கேட்டியா நீ?"

"நீங்க மட்டும்? பர்மா தேக்குன்னு கூசாம சொன்னீங்களே! இதைத்தான் என் பிள்ளை தலையில கட்டப் பாத்தீங்க!"

"தெரிஞ்சும் போத்தி மூடுனது யாரு? நானா?"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. மூன்று தெருவுக்குக் கேட்கும்படி இருவரும் கத்தினார்கள். நடுவில் உலகநாதன், "டீ போடட்டுமா?" என்று கேட்டார்.

கௌதம் யாரையும் பார்க்கவில்லை. பவித்ராவைப் பார்த்தான்.

"நீயாவது சொன்னியே," என்றான். கண் கலங்கியிருந்தது. "உனக்கு எப்போ தெரியும்?"

இதற்கும் ஒரு பொய் தயாராக வாயில் வந்து நின்றது. இப்போதுதான், அரை மணி முன்னால். அதை விழுங்கினாள்.

"காலையில. பதினோரு மணிக்கு."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"நடுவுல நான் மூணு தடவ போன் பண்ணேன், பவி."

அந்த மூன்று தடவையும் அவள் என்ன சொன்னாள்? சந்தனக் கலர் என்றாள், வத்தக்குழம்பு என்றாள், பாத்து வாங்க என்றாள். எல்லாம் அவனுக்கும் நினைவிருந்தது என்று அவன் முகத்தில் தெரிந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான்.

ஹாலில் கத்தல் நின்றது. முதலில் வாய் திறந்தவள் தாட்சாயிணி.

"பதினோரு நாளு வாய மூடிகினு இருக்கறதுக்கு உனுக்கு இன்னாடீ கேடு?"

"அதானே," என்றாள் சுலோசனா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "பெரியவங்க நாங்க பேசிச் சரி பண்ணியிருக்க மாட்டோமா? நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

"அதச் சொல்லுங்க."

ஒரு நிமிஷத்துக்கு முன் ஒருத்தி குடுமியை ஒருத்தி பிடிக்காத குறை. இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அந்தக் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்து அவளை முறைத்தார்கள். சுலோசனாவின் புடவையில் தங்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

'ச்சீ, நீங்களும் மனுஷங்களா' என்று கேட்கத்தான் பவித்ரா வாயெடுத்தாள். காலை பதினோரு மணியிலிருந்து அவளும் இவர்களோடு சேர்ந்து அந்தப் பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள்.

கீழே பைக் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை.

கையிலிருந்த போன் அடித்தது. கௌதம். நாலாவது தடவை.